மரம் நடும் ஸ்லைடரை இழுத்துப் பார்த்தோம்: என்-ரோட்ஸ், சி-ரோட்ஸ் பற்றி ஓர் ஆசிரியரின் மதிப்புரை

பேராவூரணிப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்துக்கு நான் பொறுப்பேற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் நாங்கள் நட்ட கன்றுகளின் எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஜூன் 5 அன்று ஊர்வலம், ஓவியப் போட்டி, மஞ்சப்பை, உறுதிமொழி என்று வரிசையாக நடத்திவிட்டு, காலநிலை மாற்றத்தைப் பற்றி மாணவர்களுக்குக் கற்பித்துவிட்டதாக நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள், புவி வெப்பமாவதைத் தடுக்க மிகவும் பயன்படக்கூடிய மூன்று செயல்களை எழுதச் சொன்னபோது, நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டுப் பேர் முதலில் மரம் நடுதல் என்றும், அடுத்ததாக நெகிழியைத் தவிர்த்தல் என்றும் எழுதியிருந்தார்கள். நிலக்கரி என்ற சொல் இரண்டே தாள்களில்தான் இருந்தது. குற்றம் மாணவர்களுடையது அன்று. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு ஒரு நிறுவனத்தார் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். பனிக்கரடியின் படத்தில் தொடங்கி, அனைவரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்ததில் முடிந்தது. எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. நிகழ்ச்சி முடிந்தபின் ஒரு மாணவி என்னிடம் வந்து, “சார், நாம என்ன பண்ணணும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போதுதான் என்-ரோட்ஸ், சி-ரோட்ஸ் என்ற இந்த இரண்டு சிமுலேட்டர்களையும், அதாவது காலநிலையின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் கணினிக் கருவிகளை, கண்டேன். கடந்த கல்வியாண்டு முழுவதும் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

என்-ரோட்ஸ், சி-ரோட்ஸ் ஆகிய இரண்டையும் அமெரிக்காவின் கிளைமேட் இன்டராக்டிவ் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளி முதலியவற்றுடன் சேர்ந்து உருவாக்கியிருக்கிறது. இரண்டும் இலவசம், இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. என்-ரோட்ஸின் திரையில் இரண்டு வரைபடங்களும், அவற்றின் கீழே, இழுத்து அளவைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய ஏறக்குறைய இருபது ஸ்லைடர்களும் இருக்கும். நிலக்கரி, எண்ணெய், இயற்கை எரிவாயு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல், அணுசக்தி, கரிம விலை (கரியமில வாயுவை வெளியிடுவதற்கு விதிக்கும் கட்டணம்), கட்டடங்களின் ஆற்றல் திறன், போக்குவரத்தை மின்மயமாக்குதல், மக்கள்தொகை, வேளாண்மை, காடழிப்பு என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர் உண்டு. வலப்பக்க மூலையில், 2100ஆம் ஆண்டில் உலகின் வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட எத்தனை டிகிரி உயர்ந்திருக்கும் என்ற எண் பெரிதாகத் தெரியும். நாங்கள் திறந்தபோது அது 3.3 என்று காட்டியது. எந்த ஸ்லைடரை நகர்த்தினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அந்த எண் மாறிவிடுகிறது. கணக்கு முழுவதும் நம் கணினியிலேயே நடப்பதால், ஹைடெக் லேபின் இணையம் வழக்கம்போல் பாதியில் நின்றபோதும் பாடம் நிற்கவில்லை.

முதல் வகுப்பில் நான் எதையும் விளக்கவில்லை. மாணவர்கள் எழுதிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, “மரம் நடுவதையே முதலில் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னேன். ஒரு மாணவன் வந்து அந்த ஸ்லைடரைக் கடைசி எல்லை வரைக்கும் இழுத்தான். வகுப்பே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் டிகிரிகூடக் குறையவில்லை. “சரியா இழுடா” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு இந்தக் கருவி தரும் விடைகளில் ஒன்று, மரம் வளர்ந்து கரியமில வாயுவை ஈர்ப்பதற்கு ஆகும் காலம். அதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தின் தென்னந்தோப்புகள் சாய்ந்தபோது இவர்களுக்குப் பத்து வயது. “எங்க தோப்புல அப்ப வச்ச கன்னு இப்பத்தான் சார் பாளை விடுது” என்றாள் ஒரு மாணவி. எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த ஒரு வரியளவுக்கு என்னால் விளக்கியிருக்க முடியாது.

அடுத்து மக்கள்தொகை ஸ்லைடர். சனத்தொகை பெருகுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற எண்ணம் மாணவர்களிடம் மட்டுமன்று, எங்கள் ஆசிரியர் அறையிலும் வேரூன்றியிருக்கிறது. அதைக் கீழே இழுத்தாலும் எண் அதிகம் அசையவில்லை. கரிம விலையை உயர்த்தியபோதுதான் அது சரசரவென்று இறங்கியது. நிலக்கரியைக் குறிக்கும் பட்டை வரைபடத்தில் மெலிந்தது. ஆற்றல் திறனுக்கான ஸ்லைடர்களும் அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக உதவின. எது பெரிது, எது சிறிது என்ற அளவறிவைத் தருவதே இந்தக் கருவியின் தலையாய பயன் என்று நான் கருதுகிறேன். எங்கள் பாடநூல்களில் காரணங்களும் விளைவுகளும் தீர்வுகளும் வரிசையாக உள்ளன. ஆனால் பட்டியலில் இருக்கும் பத்துத் தீர்வுகளும் சம எடை உள்ளவை என்பதுபோலத்தான் மாணவர் மனத்தில் பதிகின்றன. இங்கே எடை தெரிகிறது.

இந்தக் கருவியோடு வரும் பயிற்றுநர் குறிப்புகளில், வளிமண்டலத்தைக் குளியல் தொட்டியாகக் கற்பனை செய்யச் சொல்கிறார்கள். குழாய் வழியே வரும் நீர் நம் உமிழ்வு, அதாவது நாம் வெளியிடும் கரியமில வாயு. வடிகால் வழியே போவது கடலும் காடுகளும் ஈர்த்துக்கொள்வது. உமிழ்வு உயராமல் நின்றுவிட்டால் வளிமண்டலத்தில் கரியமில வாயுவின் அளவும் உயராமல் நின்றுவிடும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், எம்.ஐ.டி.யின் முதுகலை மாணவர்களே இதில் தவறினார்கள் என்பதை அங்குள்ள பேராசிரியர் ஜான் ஸ்டெர்மனின் ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் மாணவர்களில் குளியல் தொட்டியைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை என்பதால், நான் அதை எடுத்துவிட்டு ஏரியைப் போட்டேன். வரத்து வாய்க்காலில் இப்போது வருவதற்கு மேல் கூடுதலாக வராமல் நிறுத்திவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மதகு வழியே அதில் பாதிதான் போகிறது என்றால் ஏரியின் நீர்மட்டம் என்னவாகும்? கடைமடைப் பிள்ளைகளுக்கு இது கணக்கே அன்று; கேட்டு முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்கு என்றிருந்த கரியமில வாயுவின் அளவு இன்று 420ஐத் தாண்டியிருப்பதை அதன்பின் கரும்பலகையில் எழுதினேன். வெளியூரிலிருந்து வரும் எந்தப் பாடப்பொருளையும் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்: கருவியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; உவமையை ஊரிலிருந்து எடுங்கள்.

இரண்டாவது கருவியான சி-ரோட்ஸ், நாடுகளாகப் பிரிந்து பேரம் பேசும் விளையாட்டுக்கு அடித்தளமாகப் பயன்படுகிறது. மாணவர்கள் அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், பிற வளர்ந்த நாடுகள், சீனா, இந்தியா, பிற வளரும் நாடுகள் என்று ஆறு குழுக்களாகப் பிரிவார்கள். உமிழ்வு எந்த ஆண்டில் உச்சத்தை எட்டும், எந்த ஆண்டிலிருந்து குறையும், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு குறையும், காடுகளுக்கு என்ன செய்வோம் என்று ஒவ்வொரு குழுவும் வாக்குறுதி தர வேண்டும். ஆசிரியர் ஐ.நா. பொதுச்செயலர் ஆகிவிடுவார். வாக்குறுதிகளை அவர் உள்ளிட்டதும் 2100ஆம் ஆண்டின் வெப்பநிலை திரையில் வந்துவிடும். 2015 பாரிஸ் உடன்படிக்கை சொல்லும் 2 டிகிரிக்குக் கீழே அது இறங்கும் வரைக்கும் பேரம் தொடரும்.

இருக்கை அமைப்பிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. பணக்கார நாடுகளுக்கு மேசையும் விரிப்பும் தின்பண்டமும் தர வேண்டும். வளரும் நாடுகளைத் தரையில் உட்கார வைக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. அமெரிக்காவுக்கு என் மேசையையும் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தையும் கொடுத்தேன். பிற வளரும் நாடுகளுக்குப் பாய்கூட இல்லை. பத்து நிமிடத்துக்குள் அந்தக் குழுவின் மாணவி ஒருத்தி எழுந்துபோய் அமெரிக்க மேசையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அமெரிக்காவின் பிரதிநிதி என்னிடம் புகார் செய்தான். வரலாற்று உமிழ்வு, அதாவது பணக்கார நாடுகள் இதுவரை வெளியிட்டுச் சேர்த்தது, என்பதைப் பற்றி நான் அன்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவை வெளியிடும் இந்தியாவும், 14 டன்னை ஒட்டி வெளியிடும் அமெரிக்காவும் ஒரே விழுக்காட்டைக் குறைப்பது எப்படி நியாயமாகும் என்று இந்தியக் குழு கேட்டது. நிகர உமிழ்வைச் சுழியமாக்க இந்தியா 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அறிவித்த 2070 என்ற ஆண்டிலிருந்து இம்மியும் நகர மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றது. முதல் சுற்றின் விடை இரண்டரை டிகிரிக்கு மேல் வந்தது.

அப்போது வழிகாட்டி சொல்லும் இன்னொரு காரியத்தைச் செய்தேன். கடல்மட்டம் உயர்வதைக் காட்டுவதற்காக, தரையில் உட்கார்ந்திருப்பவர்கள்மேல் ஒரு நீலத் தார்ப்பாயைப் போர்த்த வேண்டும். மற்ற நாடுகளில் மாணவர்கள் சிரித்துக்கொண்டே அதற்குள் ஒளிந்துகொள்ளும் படங்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே முதலில் சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கிவிட்டது. கஜாவுக்குப் பிறகு கூரை பறந்துபோன வீடுகளின்மேல் மாதக்கணக்கில் கிடந்தது தார்ப்பாய்தான். பிறர் மனத்தில் கற்பனையாக நிற்க வேண்டிய பொருள் எங்களிடம் நினைவாக இருந்தது. அதைச் செய்யுமுன் நான் இன்னும் யோசித்திருக்க வேண்டும். அடுத்த முறை தார்ப்பாய் இல்லாமல் நடத்துவேன். புயல் கண்ட ஊர்களில் இதைப் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்களும் அவ்வாறே செய்வது நல்லது.

இந்த விளையாட்டு வெறும் கேளிக்கையன்று என்பதற்குச் சான்றும் உண்டு. எட்டு நாடுகளில் இதில் பங்கேற்ற 2042 பேரை ஆராய்ந்து 2018இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வெளியான ஆய்வில், 81 விழுக்காட்டினர் காலநிலைக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்ற உந்துதல் கூடியதாகச் சொல்லியிருக்கிறார்கள். உந்துதல் கூடுவது வேறு. ஊரில் ஒன்றைச் செய்து முடிப்பது வேறு. என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

என்-ரோட்ஸ் உலகத்தை ஒரே துண்டாகப் பார்க்கிறது. அதில் இந்தியாவைத் தனியே எடுத்துப் பார்க்க முடியாது; தஞ்சாவூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிம விலையை ஓர் உலக அரசாங்கம் ஒரே நாளில் விதித்துவிடுவதுபோல ஸ்லைடர் நகர்கிறது. இரண்டாவது வகுப்பில், யார் முதலில் 1.5 டிகிரியைத் தொடுவது என்று பையன்கள் போட்டி போட்டு, எல்லா ஸ்லைடர்களையும் எல்லை வரைக்கும் தள்ளி மூன்று நிமிடத்தில் உலகைக் காப்பாற்றிவிட்டார்கள். நிலக்கரி ஸ்லைடரை அவ்வளவு வேகமாகத் தள்ளியவனிடம் பக்கத்திலிருந்தவன், “எங்க மாமா நெய்வேலில வேலை பாக்குறாரு, அவரு எங்கடா போவாரு?” என்று கேட்டிராவிட்டால், அந்த வகுப்பு ஒரு வீடியோ கேமாகவே முடிந்திருக்கும். அதன்பிறகு ஒரு விதி வைத்தேன். எந்த ஸ்லைடரை நகர்த்தினாலும், அதனால் பணம் கொடுக்க வேண்டியவர் யார், வேலை இழப்பவர் யார், நன்மை பெறுபவர் யார் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அந்தக் கேள்விகளைக் கருவி தானாகக் கேட்பதில்லை.

மற்றொரு குறை, தணிப்பைப் பற்றி (உமிழ்வைக் குறைப்பது) இவ்வளவு பேசும் கருவியில் தகவமைப்புக்கு (மாற்றத்துக்கு ஏற்ப நம்மைக் காத்துக்கொள்வது) இடமில்லை என்பது. கடல்மட்ட உயர்வு, விளைச்சல் வீழ்ச்சி போன்றவற்றின் வரைபடங்கள் உண்டு. ஆனால் அவற்றை எதிர்கொள்ள என்ன செய்யலாம் என்பதற்கு ஸ்லைடர் கிடையாது. உப்புநீர் உட்புகுவதையும் புயலையும் அன்றாடம் பேசும் கடலோரப் பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் அதுதான். அதை ஈடுகட்ட, கஜாவுக்குப் பின் இளைஞர்களும் விவசாயிகளும் கூடித் தூர்வாரிய பேராவூரணிப் பெரியகுளத்துக்கு அவர்களை ஒரு சனிக்கிழமை கூட்டிச் சென்றேன். அலகுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸாஜூல், டாலர், பீப்பாய் எல்லாம் சேர்ந்து முதல் அரைமணி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. நாங்கள் ஆங்கிலத் திரையைப் பயன்படுத்தியதால், ஸ்லைடர்களின் பெயர்களைத் தமிழில் சார்ட் தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டும் வேலையை மாணவர்களிடமே கொடுத்தேன். அந்த வேலையே ஒரு நல்ல பாடமாக அமைந்தது.

அப்படி எழுதும்போது மீத்தேன் என்ற சொல் வந்தது. மற்ற எந்தச் சொல்லுக்கும் விளக்கம் கேட்டவர்கள் இதற்குக் கேட்கவில்லை. மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக டெல்டா முழுவதும் நடந்த போராட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது வீட்டுப் பேச்சிலேயே அவர்களுக்குத் தெரியும். வேளாண்மை உமிழ்வு என்ற ஸ்லைடரில் நெல் வயலும் அடங்கும் என்று நான் சொன்னபோது வகுப்பு நம்பவில்லை. “மீத்தேன் எடுக்க விடமாட்டோம்னு தாத்தா மறியல் பண்ணாரு சார், நம்ம வயலே விடுதா?” என்றான் ஒருவன். நீர் தேங்கிய சேற்றில் உயிர்வாயு இல்லாமல் போவதால், அங்குள்ள நுண்ணுயிரிகள் மட்கும் பொருளை மீத்தேனாக மாற்றுகின்றன. அந்த வாயு பெரும்பாலும் நெற்பயிரின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. வளிமண்டலத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே தங்கினாலும், நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வயலை அவ்வப்போது காயவிட்டால் சேற்றுக்குள் காற்று இறங்கி, மீத்தேன் கணிசமாகக் குறைகிறது. இதற்கு வெளிநாட்டுப் பெயர் எதுவும் தேவையில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று எங்கள் விவசாயிகள் ஏற்கெனவே சொல்வதுதான். உலக வரைபடத்திலிருந்து ஊர் வயலுக்கு ஒரு வரப்பு போடக் கிடைத்த இடம் இது. பழியை விவசாயியின் தலையில் போடாமல் இதைப் பேசுவதற்கு நிதானம் வேண்டும். நெல் வயலின் மீத்தேனையும், நிலக்கரி மின்நிலையத்தின் புகையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதையும் என்-ரோட்ஸில் நகர்த்திக் காட்டித்தான் நிறுவினேன்.

செயலுக்கான இன்னொரு வழி மின்விசிறியில் கிடைத்தது. கட்டடங்களின் ஆற்றல் திறன் என்ற ஸ்லைடரைப் பார்த்த குழு, பள்ளியின் மின்விசிறிகளை எண்ணியது, நாற்பது. பழைய விசிறி 75 வாட், மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. வகை விசிறி ஏறத்தாழ 30 வாட். நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு விசிறிக்கு 54 யூனிட், நாற்பதுக்கும் சேர்த்து 2160 யூனிட் மிச்சமாகும். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்பதால் ஆண்டுக்கு ஒன்றரை டன். இந்தக் கணக்கை அவர்களே போட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு மனுவாக எழுதினார்கள். மனுவின் கடைசி வரியில், “இது உலகைக் காப்பாற்றாது என்பது எங்களுக்குத் தெரியும், மின்கட்டணம் குறையும்” என்று இருந்தது. குழு இப்போதைக்கு நான்கு விசிறிகளுக்கு ஒப்புதல் தந்திருக்கிறது.

வாங்கலாமா என்ற கேள்வி இங்கே இல்லை, விலையே இல்லை. நேரம்தான் விலை. என்-ரோட்ஸுக்கு நாற்பது நிமிடப் பாடவேளைகள் மூன்றாவது தேவை; பேரம் பேசும் விளையாட்டுக்கு மூன்று மணி நேரம் வேண்டும், அதைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்வதே முறை. ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே வரைபடங்கள் கடினமாக இருக்கும். ஆசிரியர் முதலில் தனியாக இரண்டு மாலைகள் உட்கார்ந்து எல்லா ஸ்லைடர்களையும் நகர்த்திப் பார்த்துவிட வேண்டும். பயிற்றுநர்களுக்கென இலவச இணையவழிப் பயிற்சியும் இருக்கிறது. நான் ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று, தகவமைப்பு இல்லாததற்காக.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில் நீர்மட்டத்தை அளக்க, பி.வி.சி. குழாய் ஒன்றில் துளைகள் போட்டு வயலில் புதைப்பார்கள். குழாய்க்குள் நீர் தரைக்குக் கீழே 15 செ.மீ. வரைக்கும் இறங்கிய பிறகுதான் மறுபடி பாய்ச்ச வேண்டும். மறியல் செய்த தாத்தாவின் பேரன் அப்படி ஒரு குழாயைத் தயார் செய்து, ஒரு மா நிலத்தில் சோதித்துப் பார்க்கலாமா என்று வீட்டில் கேட்டிருக்கிறான். அவன் அப்பா மறுக்கவில்லை. சம்பாவில் ஐப்பசி மழை வயலைக் காயவிடாது, கோடை நெல் போடும்போது பம்புசெட் தண்ணீரில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். எனக்குத் தோன்றாமல் போன காரணம் அது. குழாய் இப்போது ஹைடெக் லேபின் மூலையில், பழைய கீபோர்டுகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது.